மதினியின் தோட்டுத் திருகாணி

என் மூத்த மகனுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தபோது அவனுக்குக் கண், காது, கை எல்லாமே வாய்தான். தென்காசியில் கோவிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக வாடகை வீடு. அவ்வளவு சின்ன இடத்தில் அவனுக்கு எங்கிருந்துதான் கிடைக்குமோ, அடுப்புக்கரியோ அறுந்த செருப்பு வாரோ எந்நேரமும் வாயில் ஒன்று இருக்கும். என் கணவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சாயந்திரம் அவர் வந்ததும் தவழ்ந்து ஓடிப்போய் விரல்களைத்தான் முதலில் சப்புவான். சாக்பீஸ் ருசி. ஒருநாள் கட்டெறும்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். அது நாக்கில் கடித்தது, அவன் அலறினான், வாய் திறந்த நேரம் பார்த்து எறும்பு தப்பித்துப் போனது. மறுநாள் காலையில் அதே மூலையில் போய் உட்கார்ந்து எறும்பைத் தேடினான்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் குற்றாலத்தில் சீசன் நன்றாகக் கூடியிருந்தது. குளித்துவிட்டுப் போகலாமென்று வாசுதேவநல்லூரிலிருந்து மதினி வந்தார். என் கணவரின் அக்கா. அவரைவிட எட்டு வயது மூத்தவர். நாலு ஆண் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். மதினி வந்தால் எனக்குக் கை ஓடாது. குழம்பில் புளி தூக்கல், பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் இல்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் குற்றாலம் போனோம். என் கணவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரு பாறையில் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்த பிறகுதான் தோடு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குப் போட்ட சிவப்புக்கல் தோடு.

"ஏட்டி, தண்ணி அடிக்கிற அடியில தோடு போயிரும். என் கை வழுக்குது, நீ கழத்து" என்று என் பக்கம் காதைச் சாய்த்தார்.

ஒரு தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன். இரண்டாவதன் திருகாணியும் எண்ணெயில் ஊறியிருந்தது. என் விரல்களிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. நான் கை வைப்பதற்குள் இரண்டு குட்டி விரல்கள் அதைப் பொறுக்கிவிட்டன. அவ்வளவு நுணுக்கமாகப் பொறுக்க அவன் அந்த மாதம்தான் பழகியிருந்தான். நான் வாய்க்குள் விரலை விட்டேன். நாலு பல்லாலும் கடித்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு சிரித்தான்.

மதினி அருவியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். 'விழுந்துட்டு மதினி, தண்ணியில போயிட்டு' என்று சொன்னால் போதும். அந்த இரைச்சலில் யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அப்படி நினைத்தேன். பிள்ளை எச்சில் ஒழுக என் முகத்தைப் பார்த்தான்.

"மதினி! பிள்ளை திருகாணியை முழுங்கிட்டான்!"

மதினி அவனைப் பிடுங்கி முன்னங்கையில் கவிழ்த்துப்போட்டு முதுகில் தட்டினார். விளையாட்டு என்று நினைத்து அவன் இன்னும் சிரித்தான். கொஞ்சம் பால்தான் வந்தது. அதோடு, எண்ணெய்த் தலையோடும் நனையாத சேலையோடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதிரைவண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினார். பின்னால் நான். நாங்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஈரத்துண்டோடு என் கணவர்.

தென்காசியில் டாக்டர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்தார்.

"மூச்சு நல்லா இருக்கு. வயித்துக்குள்ள போயிட்டு. தானா வெளிய வந்துரும். பேதி மருந்து ஒண்ணும் குடுத்துராதீங்க. வாந்தி எடுத்தாலோ வயிறு வீங்கினாலோ உடனே கொண்டு வாங்க. அதுவரை ஒவ்வொரு தடவையும் பாருங்க."

மதினி மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டியவர். "திருகாணி வராம நான் போவ மாட்டேன்" என்று தம்பியிடம் சொன்னார். தங்கத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

ஆனால் பிள்ளையைக் காலில் உட்கார வைப்பதும், பிறகு விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிப் பார்ப்பதும் எல்லாம் மதினிதான்.

"நான் பாக்குதேன் மதினி."

"நீ அழுதுக்கிட்டே பாத்தா கண்ணு தெரியுமா? தள்ளு அங்கன."

முதல் நாள் ஒரு சாக்பீஸ் துண்டும் சட்டைப் பொத்தானும் வந்தன. மதினி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே தம்பி, உன் பள்ளிக்கூடமே இதுக்குள்ள இருக்கு, வந்து பாரு!" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம், பிள்ளை தூங்கும்போது அவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி பக்கத்தில் வந்து காலை நீட்டினார்.

"உன் புருசன் என்ன லேசா? இவனை மாதிரி இருக்கையில ஒரு சோழியை முழுங்கிட்டான். நான்தான் இடுப்புல வச்சுருந்தேன். எனக்கு அப்போ ஒம்பது வயசு."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"சொன்னாத்தானே? அடிப்பாங்கன்னு பயந்துக்கிட்டு யார்ட்டயும் சொல்லல. மூணு நாளு, பிள்ளையை நான் கழுவுதேன் நான் கழுவுதேன்னு ஓடி ஓடிப்போய் நானே தேடுனேன். செத்துப்போவானோன்னு அவன் மூக்குல கை வச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன். சோழி வந்துட்டு. ஆனா அந்தப் பயம் இன்னும் போவல." பிள்ளையின் மேல் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டினார். "நீ அங்கனயே சொல்லிட்ட. எனக்கு அந்தத் தைரியம் இல்லட்டீ."

நானும் பொய் சொல்லப் பார்த்ததைச் சொன்னேன். மதினி என் தலையில் லேசாகத் தட்டினார். "எந்திரி, சாப்பிடு. பால் குடிக்கிற பிள்ளை இருக்கு" என்று அவரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். அன்று என் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முற்றத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது. "வந்துட்டு! ஏட்டி, வந்துட்டு!" நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மதினி இடது கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதிக்காத குறையாக நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை; எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் கை தட்டினான்.

திருகாணியைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தோம். தோட்டை மதினியின் காதில் போட்டு, திருகாணியைத் திரும்பத் திரும்ப நான்தான் முடுக்கினேன். "இன்னுமாட்டீ போட்டுக்கிட்டு இருக்கே?" என்று சிரித்தார். அன்று மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போனார், அருவியில் குளிக்காமலே.

மறு வருஷம் சீசனுக்கு வந்தபோது தோட்டைத் தம்பியின் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் குற்றாலத்துக்கே கிளம்பினார். அதற்குள் மூத்தவனுக்குப் பேச்சு வந்து, வாய்க்கு வேறு வேலை கிடைத்திருந்தது. எனக்கு அடுத்தது பெண் பிறந்தாள். கண்ணாடி வளையல், சில்லறை, பொத்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே பரண்மேல் ஏற்றினேன். அவளோ எதையும் வாயில் வைக்கவில்லை. ஒரு வாய் சோறு ஊட்ட இரண்டு வருஷம் கிண்ணத்தோடு தெரு முழுக்க அவள் பின்னால் ஓடினேன்.