ஊட்டி வளர்த்த பிழை

எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருக்கும் பெரு நாட்டுப் பெண் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவளுடைய இரண்டு வயது மகளை நான்தான் பார்த்துக்கொள்வேன். எங்களுக்குப் பொதுவான மொழி டொச், அதாவது இந்த நாட்டு ஜெர்மன் மொழி. அது இரண்டு பேருக்குமே அரைகுறை. அதனால் இன்றுவரை சண்டை வந்ததில்லை.

ஒரு நாள் பிள்ளைகளின் டொக்டர் கொடுத்த படிவத்தோடு வந்தாள். பிள்ளை வயதுக்கேற்ற மாதிரி வளர்கிறதா என்று பார்க்கும் கேள்விகள், ஸ்பானிய மொழியில் அச்சடித்தவை. என் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு எனக்கு டொச்சில் சொல்லிச் சொல்லி நிரப்பினாள்.

"கரண்டியாலை தானாச் சாப்பிடுறாளோ? இல்லை. படி ஏறுறாளோ? இல்லை. வேணுமெண்டதை வாய் திறந்து கேக்கிறாளோ? அதுவும் இல்லை."

எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. சோற்றைக் குழைத்து உருட்டி ஊட்டுகிறவள் நான். வெளியே போய் வந்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறுகிறவள் நான். பிள்ளை தண்ணீரை நினைக்கும் முன்பே கோப்பையை நீட்டுகிறவளும் நான். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதான். சொல்ல வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன்.

டொக்டரிடம் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தைப் பார்த்த டொக்டர் அம்மா, "இத்தனை 'இல்லை' இருந்தால் பிள்ளையளின்ரை வளர்ச்சியைப் பாக்கிற பெரிய இடத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேணும். அங்கை நாள் குறிச்சு ரெர்மின் கிடைக்கவே கன மாசம் செல்லும்" என்றார்.

தாயின் முகம் செத்துப்போனது. "என்ரை பிள்ளைக்கு என்ன குறை, டொக்டர்?"

அந்நியர் முன்னால் நான் வாயே திறக்காதவள். அன்று திறந்துவிட்டேன்.

"குறை பிள்ளையிலை இல்லை, என்னிலை. அவளை நான் ஒண்டும் செய்ய விடுறேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு மாடியும் தூக்கிறீங்களோ? அப்ப உங்கடை முழங்காலையெல்லோ முதல்ல சோதிக்க வேணும்!"

பிறகு ஒரு யோகர்ட்டையும் கரண்டியையும் பிள்ளையின் முன் வைத்தார். பிள்ளை கரண்டியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறந்தது. என் கை தன்பாட்டில் கரண்டிக்குப் போனது.

"கையைக் கீழை விடுங்கோ!" என்று டொக்டர் சிரித்தார்.

தாயும் சிரித்துவிட்டாள்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தவணை கிடைத்தது. அதற்குப் பிறகும் 'இல்லை' என்றால் அனுப்பத்தான் வேண்டுமாம்.

அந்த ஆறு கிழமையும் சுவரில் சோறு, பிள்ளையின் தலையில் பருப்பு. வந்து பார்த்த என் மகள், "அம்மா, எங்களை ஒரு பருக்கை சிந்த விட்டனீங்களோ?" என்று வம்புக்கு இழுத்தாள். படியில் பிள்ளை தடுமாறும்போது என் கை துடிக்கும். "சென்யோரா, தூக்காதேங்கோ!" என்று தாய் கீழே நின்று கத்துவாள். கோப்பையை நான் நீட்டாமல் இருந்த ஒரு நாள், "அகுவா!" என்று பிள்ளை தண்ணீர் கேட்டாள். அதுவும் அதட்டலாக.

திரும்பப் போனபோது மூன்று கேள்விக்கும் 'ஓம்'. டொக்டர், "பெரிய இடமெல்லாம் தேவையில்லை. வழமையான சோதினைக்கு வாங்கோ, போதும்" என்றார்.

வெளியே வந்ததும் தாய் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். பிறகு புருஷனுக்குப் போன் எடுத்து ஸ்பானிய மொழியில் உரத்துச் சொன்னாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை மட்டும் அடக்க ஏலவில்லை.