பேச்சு போனவனுக்கு மிஞ்சிய ஜெபம்

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்குப் பேச்சு போயிற்று. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வலது கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தேன், கை என் சொல் கேட்கவில்லை. என் மனைவியை "ரெஜினா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வந்தது பேர் இல்லை, ஏதோ ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்துப் பயந்துபோனாள். அவள் பயந்ததைப் பார்த்து நானும் பயந்தேன். நாற்பத்தோரு வயதில் என் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஞாயிறு தோறும் என்னோடு பூசை காண்கிற சகோதர சகோதரிகளே, அதற்குப் பின் சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை உங்களுக்குச் சொல்ல ரொம்ப நாளாக ஆசை. என் வலது கை இன்னும் எழுதப் பழகவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் பிலோமினா எழுதுகிறாள்.

என் பேர் சவரிமுத்து. வீடு இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில். துறைமுகத்தில் கப்பலின் மேல்தளத்தில் நின்று கை காட்டுவது என் வேலை. சரக்கைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. நான் எட்டிப் பார்த்துக் கையை உயர்த்தினால் தூக்குவான், தாழ்த்தினால் இறக்குவான். எனக்கு வின்ச் ஓட்டியவர் காசிம் பாய். ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கூலியாள் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று அவனைத் திட்டத் திரும்பினேன். அப்போதெல்லாம் என் வாய் நல்ல வாய் இல்லை. கெட்ட வார்த்தை கலக்காமல் எனக்கு ஒரு பேச்சும் வராது. திட்டுகிற வேகத்தில் கையை உயர்த்திவிட்டேன். உயர்ந்த கையைப் பார்த்துக் காசிம் பாய் தூக்கினார். ஆடி வந்த பெட்டியின் விளிம்பு என் இடது பொட்டில் அடித்தது.

கீழே விழுந்தேன், எழுந்தேன். கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். நடந்தே வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் சூப்பர்வைசர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன்: "காசிம் பாய் என்னப் பாக்கவே இல்ல சார். அவரு பாட்டுக்குத் தூக்கிட்டாரு."

பொய். கூலியாட்கள் முன்னால் என் தப்பை ஒத்துக்கொள்ள வெட்கம். ஆறு வருஷ சிநேகிதனை அந்த ஒரு வார்த்தையில் விற்றுவிட்டேன். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்று நாள் கழித்து என் பேச்சு போயிற்று.

என்னை ஜட்கா வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு எல்லாம் காதில் விழும், பாதி புரியும், பதில் மட்டும் வராது. மறுநாள் காய்ச்சல் கொதித்தது. அந்த நாட்கள் எனக்கு நினைவில்லை. ரெஜினா பிறகு சொன்னதுதான்.

"அடிபட்டு மூணு நாளு நல்லாத்தானே டாக்டரய்யா இருந்தாரு? இப்ப இன்னா ஆச்சு?" என்று அவள் அழுதிருக்கிறாள்.

டாக்டர் பொறுமைசாலி. உட்கார்ந்து சொன்னாராம். "அடி பெரிசு இல்லம்மா. அடிபட்ட எடத்தைச் சரிபண்ண உடம்பே நீரையும் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவையும் அனுப்பும். செத்த பாகத்தை அரிச்சு சுத்தம் பண்றது அதுங்க வேலை. கால் சுளுக்கினா வீங்குதில்லையா? அதே மாதிரிதான். காலுக்கு வீங்க எடம் இருக்கு. மண்டை ஓட்டுக்குள்ள எடம் இல்ல. வீக்கம் பக்கத்துல இருக்கிற நல்ல மூளையையும் அழுத்துது. பேச்சு இருக்கிற எடம் அதுல மாட்டிக்கிட்டுது."

"அந்த வீக்கமே வராம பண்ணக்கூடாதா?"

"குணப்படுத்த வந்ததும் அதுதான், கஷ்டம் கொடுக்கிறதும் அதுதான். தானா அடங்கணும். அடங்கலேன்னா மண்டையைத் திறக்கணும். பிழைப்பாரான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். பெனிசிலின் போட்டார்கள். ரெஜினா காலையில் கோயிலுக்குப் போய்த் தேவமாதாவின் பீடத்தடியில் முழங்காலில் நிற்பாள்; பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவாள். வேறு நேர்ச்சை எதுவும் அவள் செய்யவில்லை. "அந்த வீக்கத்துக்கு நீயே அளவு வை தாயே" என்று மட்டும் கேட்டாளாம். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தேனாம். டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மண்டையைத் திறக்க வேண்டியதில்லை" என்றார். உயிர் வந்தது. பேச்சு வரவில்லை.

அடுத்த வாரம் காசிம் பாய் என்னைப் பார்க்க வந்தார். கையில் இரண்டு சாத்துக்குடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, எப்படிக் கீறே? நான் டெய்லி துவா கேட்டுகினு கீறேன். என்னிய வேலய விட்டே எடுத்துடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. அது கெடக்கட்டும். நீ எழுந்து வா, அது போதும். உன் கை தூக்கித்தான் கீந்திச்சி, நான் பாத்தேன். அத்த யாரு நம்புறாங்க?"

அவர் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மன்னிச்சிடு பாய்" என்று சொல்ல என் பலம் முழுவதையும் கூட்டி வாயைத் திறந்தேன். தெளிவாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி, ஒரு கெட்ட வார்த்தை வந்தது.

அவர் முகம் சுருங்கியது. எழுந்தார். சாத்துக்குடியை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். ரெஜினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் இடது கையால் சுவரைக் குத்தினேன். அவ்வளவு பெரிய துக்கத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

எனக்கு எது போனாலும் போகட்டும், அந்த ஒரு பொய்யை மாற்ற ஒரு வாக்கியம் கொடும் என்று அன்றைக்கு சேசுநாதரை மன்றாடினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை ரெஜினா கட்டிலருகே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். மனசுக்குள் அவளோடு கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று பார்த்தேன். என் வாயிலிருந்து, தேவமாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரம் வந்துகொண்டிருந்தது! ஒரு எழுத்துப் பிசகாமல், சத்தமாக! அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாங்க! பேசுறீங்களே! என் பேரச் சொல்லுங்க, பாப்போம்!"

சொல்ல முடியவில்லை. அவள் பேர் வரவில்லை. தண்ணீர் என்கிற வார்த்தை வரவில்லை. மந்திரத்தை அவள் ஆரம்பித்தால் மட்டும் கடைசிவரை வந்தது.

மறுநாள் டாக்டர் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "சில பேருக்கு இப்படி உண்டு. யோசிச்சுப் பேசறது ஒரு விதம். தினம் தினம் சொல்லிப் பழகினது இன்னொரு விதம். மண்டையில அடிபட்டாலும் அது தப்பிச்சுக்கும். சாமி மந்திரமும் வரும், வசவும் வரும்." அவர் சிரித்தார். ரெஜினாவும் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். காசிம் பாயை நான் வேண்டுமென்று திட்டவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நான் தினமும் சொல்லிப் பழகியவை இரண்டுதான்: வசவும் ஜெபமும். சின்ன வயதில் என் அம்மா அடித்து உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்த ஜெபங்கள். பாதி நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னவை. கர்த்தர் அதையும் கீழே கொட்டிவிடாமல் எனக்காக வைத்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் காகிதத்தோடு வந்தார். என் வாக்குமூலம் வாங்கினால் காசிம் பாய் கணக்கு முடிந்துவிடும்.

"சவரி, பேச வேணாம். ஆமா இல்லன்னு சொன்னாப் போதும். தப்பு காசிம் மேலதானே?"

'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினேன்; அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் "ஆமா, ஆமா" என்றே வந்தது. அவர் எழுத ஆரம்பித்தார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் என் காதை அறுத்தது. சேசுவே, இப்போது, இப்போது என்று உள்ளே கதறினேன். என்ன நினைத்தேனோ தெரியாது. இடது கையை மடக்கி என் மார்பில் அடித்தேன். சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் சொல்கிற மந்திரம் தானாகக் கிளம்பிற்று.

"என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, ஜெபம் பண்றாரா?"

ரெஜினாவுக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்றாள். "இல்ல சார், எழுதாதீங்க! இவரு பதில் சொல்றாரு!" என் பக்கம் குனிந்து கேட்டாள்: "யாரு பாவங்க? உங்க பாவமா? காசிம் பாய் மேல தப்பு இல்லையா?"

மறுபடியும் மார்பில் அடித்து, என் பாவமே என்றேன். பிறகு இடது கையை மேலே உயர்த்தினேன். உயர்த்தியபடியே முகத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

சூப்பர்வைசர் இருபது வருஷம் துறைமுகத்தில் இருந்தவர். அந்தக் கைக்கு அர்த்தம் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேனாவை மூடினார்.

"கையத் தூக்கிகினே வேற எங்கியோ பாத்துட்டியா? அத்தப் பாத்துதான் அவன் தூக்கினானா?"

நான் அழுதேன். அவர் எழுதியதைக் கிழித்தார். புதுக் காகிதத்தில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். இடது கட்டை விரலில் மை தடவி வைத்தேன். அவர் போகும்போது என் காலைத் தொட்டு, "நல்லா ஆயிடும்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாக்கியம் கேட்டேன், கிடைத்தது. நான் நினைத்த வாக்கியம் இல்லை. அதைவிட உண்மையானது.

காசிம் பாய் நாலு நாளில் வேலையில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரெஜினா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள், நான் முதலில் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "போ நைனா, உனக்கு நான் ஒரு வசவு திருப்பித் தரணும், கடன் கீது" என்றார். இருவரும் சிரித்தோம்.

பேச்சு ஒரே நாளில் வரவில்லை. வீக்கம் அடங்க அடங்க, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. நவம்பரில் வாசற்படியில் நின்று "ரெஜினா" என்றேன். அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். செத்துப்போன கொஞ்சம் மூளை செத்ததுதான் என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் இருப்பது அதன் வேலையைக் கற்றுக்கொள்கிறதாம். கற்றுக்கொள்ளட்டும், நான் காத்திருக்கிறேன்.

அந்த அடி எனக்குத் தண்டனையா என்று நம் கோயில் சுவாமியாரிடம் கேட்டேன். "சர்வேசுரன் பெட்டியால் அடிக்கிறவர் இல்லை, சவரி. விழுந்தவனைத் தூக்குகிறவர்" என்றார். அதையே நம்புகிறேன். இப்போது எனக்குத் துறைமுகத்து வாசலில் லேசான வேலை. சம்பளம் குறைவு, நிம்மதி அதிகம். கெட்ட வார்த்தை போயே போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எப்போதாவது நழுவும். உடனே மார்பில் கை போகும். காசிம் பாய் பார்த்துச் சிரிப்பார்.

உங்களில் யாராவது ஜெபம் வெறும் பழக்கமாகிவிட்டதே என்று சலித்திருந்தால், சொல்வதை நிறுத்தாதீர்கள். சொந்த வார்த்தை வரவில்லை என்றால் பழைய வார்த்தையைச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் கையை நெஞ்சில் வையுங்கள். சர்வேசுரனுக்குப் புரியும். வீட்டில் யாராவது பேச்சு இழந்து, கை கால் விழுந்து கிடந்தால் என்னிடம் சொல்லியனுப்புங்கள். நானும் ரெஜினாவும் வந்து பக்கத்தில் உட்காருவோம். நான் மெதுவாகத்தான் பேசுவேன். அவர்களும் மெதுவாகவே பேசட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.