மூன்று முறை மீட்கப்பட்ட பாண்டிமீனா

பாண்டிமீனாவை அதுவரை மூன்று முறை மீட்டிருந்தார்கள்.

முதல் முறை அவள் ஐந்து மாதக் கர்ப்பம். பட்டாசுக் கம்பெனியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தவளை, குழந்தைத் தொழிலாளர்களை மீட்க ஜீப்பில் வந்தவர்கள், "பயப்படாத பாப்பா" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். வயிற்றை யாரும் சந்தேகப்படவில்லை. சத்துக்குறைவான பிள்ளைகளுக்கு வயிறு உப்பும் என்று அவர்கள் படித்திருந்தார்கள். இரண்டாம் முறை ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, "உனக்கு எத்தனை பிள்ளைகம்மா?" என்று கேட்டார். மூன்றாம் முறை டாக்டர் தேவைப்படவில்லை. ஜீப் கிளம்பியதும் அவள் திட்ட ஆரம்பித்தாள். அடுத்த பாலத்திலேயே, இது குழந்தை இல்லை என்று இறக்கிவிட்டார்கள்.

அவள் உயரம் அப்படி. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் நின்றுவிட்டாள். முகமும் கூடவே நின்றுவிட்டது. மூன்றாம் மீட்புக்குப் பிறகு ஆதார் அட்டையை மஞ்சள் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். கம்பெனிப் போர்மேன் இசக்கிப்பாண்டி தீப்பெட்டி இருக்கிறதா என்று மற்றவர்களைச் சோதிப்பார். அவளிடம் மட்டும், "அட்டை இருக்கா?" என்பார்.

அவள் புருஷன் கருத்தப்பாண்டி நெட்டையன். ஆனைக்குட்டம் தாண்டி ஒரு சின்ன ஊரில் அவனுக்குக் கரிசல் நிலம் இருந்தது. மழை பெய்தால் மக்காச்சோளம். பெய்யாவிட்டால் ஆடு. மகள் மாரிச்செல்வி அப்பனைக் கொண்டு பிறந்தவள். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் அம்மாவின் தலைக்கு மேலே எம்பாமல் பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து கடைக்குப் போனால் கடைக்காரர் மாரிச்செல்வியிடம் சாமானைக் கொடுத்து, பாண்டிமீனாவிடம் கடலை மிட்டாய் கொடுப்பார்.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆமத்தூர் போக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அரசாங்கச் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் வரும். நடுவே ஒன்பதும் பத்தும் கிடந்தன.

"ரெண்டு வருசம் வீட்ல இருக்கட்டும், ஆட்டப் பாக்கட்டும். பதினொண்ணுல சைக்கிள் குடுக்கையில போகட்டும்" என்றான் கருத்தப்பாண்டி.

"ஒம்பதும் பத்தும் படிக்காம பதினொண்ணுல எவன் சேப்பான்?"

"அத அப்பப் பாத்துக்கிடலாம்."

கம்பெனி வேன் தினமும் காலையில் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகத்தான் போகிறது. மகளை அதில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பாண்டிமீனா போர்மேனிடம் கேட்டாள்.

"பிள்ளைய வேன்ல ஏத்துனா கம்பெனிக்குப் பூட்டுத்தாம்மா" என்றார் இசக்கிப்பாண்டி. பிறகு யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யி. அவளுக்குச் சேலையக் கட்டி ஏத்திவிடு. நீ பாவாடையக் கட்டிக்கிட்டு நடந்து வா" என்றார். வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிமீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மகள் ஆட்டுக்குப் பின்னால் போகிற காட்சியைக் கண்ணுக்கு முன்னால் பார்த்தாள்.

மே மாதம் மலர்முகம் அறக்கட்டளையின் விழா வந்தது. பட்டாசு, அச்சகக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற விழா. பெண் பிள்ளைகள் முன்னேற வேண்டும், கிராமமும் நலமாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஒரே மைதானத்தில் இரண்டும் நடந்தன. மேடையில் பெண் பிள்ளைகள். ஓரத்துப் பந்தலில் ஆடுகளுக்குத் தடுப்பூசி. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு, தாயோடு மேடையேறினால், சைக்கிள் தருகிறார்கள். போன வருடம் பெரிய சைக்கிள் கொடுத்து இரண்டு பிள்ளைகள் விழுந்துவிட்டதால், இந்த வருடம் உயரத்துக்கேற்ற சைக்கிள்.

மாரிச்செல்வி கும்மி ஆட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். பாண்டிமீனா அரை நாள் வேலை முடித்து, கம்பெனிக்குப் போடுகிற பருத்திச் சுடிதாரோடு நேராக ஓடிவந்திருந்தாள். கருத்தப்பாண்டி ஆடுகளோடு வரிசையில் நின்றான்.

வாசலில் ஹரிஷ்குமார் என்ற இளைஞன் பேட்ஜ் குத்திக்கொண்டிருந்தான். அச்சகக்காரர் மகன், அறக்கட்டளையின் செயலாளர். பிள்ளைகளுக்கு ரோஸ், தாய்மார்களுக்கு மஞ்சள். பாண்டிமீனாவுக்கு ரோஸ் குத்தினான்.

"தம்பி, நாந்தான் அம்மா."

"எல்லாரும் ஒருநாள் அம்மா ஆவீங்க பாப்பா. மொதல்ல படிக்கணும்."

பாண்டிமீனா மஞ்சள் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். "அம்மாவோட கார்டைப் பத்திரமா வச்சிருக்கியே, கெட்டிக்காரி" என்று சொல்லி அதை மாரிச்செல்வியிடம் கொடுத்தான். "சின்னப் பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் குடுக்காதீங்கம்மா, தொலைச்சிருவாங்க."

"சார், அது எங்க அம்மா" என்றாள் மாரிச்செல்வி.

"உங்க அம்மாவும் வந்திருக்காங்களா? அவங்களையும் உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று அவன் அவளுக்கு மஞ்சள் பேட்ஜைக் குத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

உள்ளே ஒரு கம்பத்தில் கோடு போட்டு உயரம் பார்த்தார்கள். ரோஸ் பேட்ஜுக்காரர்கள் மட்டும் நிற்க வேண்டும். பாண்டிமீனா கம்பத்தின் எதிரே காலை ஊன்றி, "எனக்கு எடுக்காதீக, இவளுக்கு எடுங்க" என்றாள். அளக்கிறவர், "அம்மாவ விட்டுட்டு ஏற பயப்படுது" என்று சொல்லி, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

மாரிச்செல்வி குனிந்து காதில் சொன்னாள். "யம்மா, வாயத் தொறக்காத. திட்டுனீன்னா இறக்கி விட்ருவாக. சைக்கிள் போயிரும்."

அதுதான் உண்மை. திட்டு அவளுடைய நாக்கு நுனி வரை வந்திருந்தது. விழுங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மேடையில் பொன்னுத்தங்கம் அம்மாள் மைக்கோடு நின்றார். அறக்கட்டளைத் தலைவி, பட்டுச்சேலை, நல்ல மனசு. பாண்டிமீனாவின் கன்னத்தைத் தட்டிக் கேட்டார்.

"நீ பெரியவளா ஆனதும் என்ன செய்யப் போற கண்ணு?"

பாண்டிமீனா மைக்கைப் பார்த்தாள். பந்தலில் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள்.

"இவளப் படிக்க வைக்கப் போறேன்."

பொன்னுத்தங்கம் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? இந்த வயசுல, பெத்த தாயைப் படிக்க வைக்கணும்னு சொல்லுது இந்தப் பிள்ளை!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த இடத்தில் சரம் வெடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெடி கூடாது என்று பட்டாசு முதலாளிகளே முடிவு செய்திருந்ததால் வெடிச்சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பாண்டிமீனாவுக்குச் சின்னச் சைக்கிள் கிடைத்தது. மாரிச்செல்விக்கு ஒரு சால்வையும், சிலேட்டும், அ, ஆ எழுதிப் பழகுகிற முதியோர் கல்விப் புத்தகமும் கிடைத்தன.

ஆட்டைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்த கருத்தப்பாண்டியை ஹரிஷ்குமார் நிறுத்தினான். "இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் அப்பாவா?"

கருத்தப்பாண்டி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பிடித்திருந்த சைக்கிளைப் பார்த்தான்.

"சைக்கிள் குடுத்துட்டீகளா?"

"குடுத்தாச்சே."

"அப்ப அப்பாதான்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஏறிப் பார்த்தால் மாரிச்செல்வியின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சீட்டை எம்புட்டுத் தூக்கினாலும் இடித்தது. சிவகாசியில் சைக்கிள் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார். அறக்கட்டளை பெயரைச் செயின் கவர் முழுக்க எழுதியிருந்தார்கள்.

"பேசாம வித்துட்டு ஒரு குட்டி வாங்கலாம்" என்றான் கருத்தப்பாண்டி.

அன்று சாயந்தரம் பாண்டிமீனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்கரைக்குப் போனாள். அது அவளுக்கு அளவெடுத்துச் செய்தது. கால் தரையில் எட்டியது, கை பிரேக்கில் எட்டியது. மாரிச்செல்வி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "முன்னாடி பாரும்மா! என்னையப் பாக்காத!" என்று கத்தினாள். பாண்டிமீனா விழுந்தாள், எழுந்தாள், கரை மேல் போன எருமையைத் திட்டினாள், மறுபடி ஏறினாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, ஆமத்தூர் ரோட்டில் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை மூச்சு வாங்கச் சைக்கிள் மிதிக்கிறது. பின்னால், யூனிபார்ம் போட்ட ஒரு நெட்டைப் பெண் இரண்டு காலையும் தரையில் தேயாமல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்து வாசலில் நெட்டைப் பெண் இறங்கிக்கொள்வாள். சின்னது சைக்கிளை உள்ளே நிறுத்திவிட்டு வாசலிலேயே கம்பெனி வேனில் ஏறும். சாயந்தரம் வேன் அங்கேயே இறக்கிவிடும்.

ஆடி பிறக்கிறதற்குள் ஹரிஷ்குமார் வந்துவிட்டான். கொடுத்த சைக்கிள்கள் ஓடுகின்றனவா என்று காலையிலேயே காரில் கிளம்பிப் பார்க்கிற வேலை. அவன் இறங்கியபோது பாண்டிமீனா வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"பாப்பா, எறங்கு! நாங்க சைக்கிள் குடுத்தது பட்டாசு வேலைக்குப் போகவா? இப்பவே உள்ள போ. இல்லைனா சைக்கிளைத் திருப்பி எடுத்துக்குவோம்." பிறகு மாரிச்செல்வியைப் பார்த்துத் திகைத்தான். "என்னம்மா, நீங்க யூனிபார்ம் போட்டிருக்கீங்க?"

"ஒம்பதாங் கிளாஸ் சார்" என்றாள் மாரிச்செல்வி.

"மேடையில சொன்ன மாதிரியே உங்களைச் சேர்த்தே விட்டுட்டாளா?"

"சேத்துவிட்டுட்டேன்" என்றாள் பாண்டிமீனா.

ஹரிஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த விழாவால் நடந்த நன்மை ஒன்றைக் கண்ணால் பார்ப்பது அவனுக்கு முதல் தடவை. "அதுக்காக நீ வேலைக்குப் போகலாமா?"

"ரெண்டுபேரும் பள்ளிக்கூடத்துல உக்காந்தா சோத்துக்கு என்ன செய்யிறது தம்பி? முறை வச்சிருக்கோம். மொதல்ல இவ."

வேன் டிரைவர் ஹாரனை அடித்தான். உள்ளே பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா முடிச்சதும் நீ படிக்கணும்" என்றான் ஹரிஷ்குமார். கையை நீட்டினான். "சத்தியம் பண்ணு. அப்பத்தான் சைக்கிள்."

பாண்டிமீனா மகளைப் பார்த்தாள். மாரிச்செல்வி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தியம்" என்று அவன் உள்ளங்கையில் அடித்துவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் ஊரைத் தாண்டுகிறவரை உள்ளே ஒரே சிரிப்பு. "யத்தா, நீ எப்ப பள்ளிக்கூடம் போற?" என்று யாரோ சடையைப் பிடித்து இழுத்தார்கள். பாண்டிமீனா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் படித்தது ஐந்து வரை. தான் சேர வேண்டியது ஆறிலா, நேரே ஒன்பதிலா என்று கேட்காமல் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.