அகல மானிட்டரில் நைனா

எந்தச் சாமானை வாங்கினாலும் அதை நோண்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மிக்சி வாங்கினால் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்ப்பேன். குடை வாங்கினால் குழாயடியில் விரித்து, மேலே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பேன். "உன்னக் கட்டிக்கினு போறவன் பேஜாராயிடுவான்" என்பாள் அம்மா. அப்படிப்பட்டவள் கையில், இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஓர் அகல மானிட்டர் வந்து சேர்ந்தது.

அப்போது உத்திரமேரூரில், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜக்ட்டும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய டப்பா மானிட்டர் ஒரு நாள் உயிரை விட்டது. வாலாஜாபாத்தில் எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். "இப்ப இதாம்மா ஓடுது. ஒரு வாரம் வெச்சிப் பாருங்க, புடிக்கலன்னா எடுத்துனு வந்துடுங்க" என்று அகலமான ஒன்றைத் தலையில் கட்டினார். தம்பியின் பைக்கில், எங்கள் இருவருக்கும் நடுவில் அட்டைப்பெட்டியை உட்கார வைத்துக் கொண்டுவந்தோம்.

வேலைக்காக என்றுதான் வெளியே சொன்னேன். மனசுக்குள் வேறோர் ஆசையும் இருந்தது. அக்கா கல்யாணக் கேசட்டை சிடியாக மாற்றி வைத்திருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா நடந்து, பேசி, சிரிப்பது அந்த ஒரு சிடியில்தான் இருக்கிறது. கல்யாணத்தின்போதே அவருக்குத் தொண்டையில் கட்டி. உடம்பு பாதியாகக் கரைந்திருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அந்த சிடியைப் போட்டால் போதும், மேளச் சத்தம் கேட்ட உடனே அம்மாவுக்கு அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிடும். ஒரு தடவையாவது அவள் உட்கார்ந்து நைனாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திரை பெரிதாக இருந்தால் உட்காருவாளோ என்று ஒரு நப்பாசை.

முதலில் என் வேலையை வைத்துச் சோதித்தேன். ஒரு பத்திரிகையைத் திறந்தால் மேலே இருந்த பிள்ளையார் வழக்கத்தைவிடக் குண்டாக இருந்தார். பிள்ளையார்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கீழே குத்துவிளக்கும் பெருத்திருந்தது. எழுத்தெல்லாம் கால் அகட்டி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் வரைந்து, கையிலிருந்த வளையலைக் கழற்றித் திரைமேல் வைத்துப் பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது. அகலத்தில் வட்டம் வளையலை விட்டு இரண்டு பக்கமும் பிதுங்கியது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கேம்தான். கிரிக்கெட் கேமைப் போட்டான். பவுலர் ஓடிவர முடியாமல் ஓடிவந்தான். பந்து முட்டையாக வந்தது. "பாத்தியா?" என்றேன். "இன்னா இப்ப? பேட்டும்தான் அகலமா கீது. எனக்கு லாபம்" என்றான். சினிமா டிவிடி ஒன்றைப் போட்டோம். ஹீரோயின் நாலு பிரசவம் கண்டவள்போல இருந்தாள். அதற்கும் அவன், "ஊட்டமா கீறாங்க, வுடுக்கா" என்றான். இவனிடம் போய்க் கருத்துக் கேட்டேன் பாருங்கள்.

மறுபடி அந்த வட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மானிட்டருக்கு அடியில் வரிசையாக இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் படம் சட்டென்று ஒடுங்கியது. வட்டம் வளையலுக்குள் கச்சிதமாக அடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆனால் திரையின் இரண்டு ஓரமும் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. தம்பி அலறினான்: "அக்கா! ரெண்டு பக்கமும் பூட்ச்சி! இன்னாத்த அமுக்கின?"

பாய்க்கு போன் போட்டேன். அவர் சிரித்தார். "நான்தாம்மா படத்த இழுத்து வெச்சி அனுப்புறேன். ஓரத்துல கறுப்பு தெரிஞ்சா ஸ்கிரீன் செத்துப்போச்சின்னு ஜனங்க தூக்கினு வந்துடுறாங்க. ஆளுங்க குண்டா தெரியுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முழுத்திரைக்குக் காசு கொடுத்திருக்கிறோம், அதனால் முழுசும் தெரிந்தாக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பிதுங்கினால் நமக்கென்ன! கம்ப்யூட்டரில் சரியான அளவைப் போட்டால் கறுப்பும் இருக்காது, குண்டும் இருக்காது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பட்டன் சண்டைதான். நான் ஒடுக்குவேன், தம்பி இழுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி விளையாடி முடித்துத் தூங்கப் போனான். தெரிந்த முகங்களை வைத்தும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கல்யாண சிடியைப் போட்டேன். அவன் இழுத்தது இழுத்தபடியே இருந்தது. மேளச் சத்தம் கேட்டது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள் வழக்கம்போல எழுந்தாள்.

கதவு வரைக்கும் போனவள் நின்றுவிட்டாள்.

பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நைனா இலைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொருவரிடமும் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நினைவிருந்த நைனாவின் கன்னம் குழி விழுந்திருக்கும், கழுத்தெலும்பு தள்ளிக்கொண்டு நிற்கும். இவருக்குக் கன்னம் நிரம்பியிருந்தது. சட்டை தோளில் தொங்கவில்லை, உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டி வருவதற்கு முன்னால் நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்குவாரே, அந்த நைனா.

அம்மா திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டது நடக்கிறது, ஆனால் திரையில் இருப்பது பொய். அம்மாவை ஏமாற்றுவதுபோல இருந்தது. கை தானாகப் பட்டனுக்குப் போனது.

"கை வெக்காத."

"அம்மா, இது நெஜம் இல்லம்மா. மெஷின் இழுத்துக் காட்டுது. இரு, சரி பண்றேன்."

"தெரியும். ஒரு வாரமா அக்காளும் தம்பியும் இதுக்குத்தான அடிச்சிக்கினு கீறீங்க?"

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள். "அன்னிக்கி அவருக்குத் தண்ணி கூட எறங்கல. எல்லாரையும் சாப்டு சாப்டுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான் ஒரு உருண்ட ரசஞ்சோறு பெசஞ்சி எடுத்துனு போனேன். மண்டபத்துப் பின்னால போய்த் துப்பிட்டு வந்தாரு. அத நான் பாத்துட்டேன்டி. அதையே இன்னும் எத்தினி வாட்டி பாக்கச் சொல்ற?"

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

நைனா கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா மடியிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பப் பாரு, பந்தியில உக்காந்து சாப்ட்டு எழுந்தவரு மாதிரி கீறாரு."

படம் முடியும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொன்னாள்.