ராகு காலத்தில் ஓர் ஒத்திகை

செய்தித்தாளில் பக்கம் திருத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தில்லைநகரில் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். நடைமுறைக் குறிப்புகள் எழுதுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மருத்துவமனைகளுக்கு டோக்கன் வழங்கும் செயலி எங்களுடையது. துறையூரில் இருப்பவர் டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே போனில் டோக்கன் போட்டுவிடலாம்.

அதை இயக்கும் சர்வர்கள் மும்பையில் இருந்தன. மும்பை முடங்கிப்போனால் கைகொடுக்க, ஐதராபாத்தில் மூன்றே சர்வர்களோடு ஒரு சிறு தொகுப்பு தயாராக நிற்கும். கூட்டம் வரவர அது தானாகவே சர்வர்களைக் கூட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மும்பையை வேண்டுமென்றே துண்டித்து இதைச் சோதிப்பார்கள். எல்லா ஒத்திகையிலும் வெற்றி.

அந்த வருடம் எங்கள் பெரிய வாடிக்கையாளரான மருத்துவமனைக் குழுமம் ஒரு நிபந்தனை போட்டது. அடுத்த ஒத்திகையை அவர்களுடைய கணினிப் பிரிவுத் தலைவர் நேரில் பார்ப்பார். பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வர வேண்டும். வராவிட்டால் சர்வர் பராமரிப்பு பெங்களூரில் உள்ள ஒரு குழுவுக்குப் போய்விடும். எங்கள் சர்வர்களைக் கவனித்த பெண் பொறியாளருக்கு அப்போது இரண்டே வழி: பெங்களூர் போவது அல்லது வேலையை விடுவது. அவர் கணவர் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். "லேத்தை முதுகுல கட்டிக்கிட்டா போக முடியும்?" என்று பொறியாளர் சிரித்தார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் சிரிக்கவில்லை.

பழைய ஒத்திகைப் பதிவுகளை வரிசையாக வைத்துப் படித்தேன். யார், எங்கே, எப்போது என்று பார்ப்பது செய்தித்தாள் வேலையில் வந்த, விடாத பழக்கம். எல்லாமே வெள்ளிக்கிழமை. எல்லாமே பன்னிரண்டு ஐந்துக்குத் தொடங்கியிருந்தன.

"ஏன் எப்பவும் பன்னண்டு அஞ்சு?" என்று பொறியாளரிடம் கேட்டேன்.

"ஓனர் சார் நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமைம்பார். பத்தரைலேர்ந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம். அது முடிஞ்சதும் ஆரம்பிப்போம்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

மாலை நேர டாக்டர்களுக்கான டோக்கன் காலை பத்தரைக்குத் திறக்கும். அடுத்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே அதிகக் கூட்டம். பன்னிரண்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஐதராபாத் தொகுப்பு அந்தக் கூட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

உரிமையாளர் ஸ்ரீரங்கத்துக்காரர். தினசரி காலண்டரைக் கிழிக்காமல் கணினியைத் தொடமாட்டார். இந்த முறை கூட்ட நேரத்திலேயே ஒத்திகை வைக்கலாம் என்று இருவரும் அவரிடம் போய்ச் சொன்னோம்.

"தெரிஞ்சுண்டே ராகு காலத்துல எப்படிம்மா ஆரம்பிக்கறது?" என்றார்.

"மும்பையில கரண்ட் பஞ்சாங்கம் பார்த்துட்டா சார் போகும்?" என்றார் பொறியாளர்.

உரிமையாளர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "பெருமாள் இருக்கார். பண்ணுங்கோ."

வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு மும்பையைத் துண்டித்தோம். குழுமத்தின் கணினிப் பிரிவுத் தலைவர் கைகட்டி என் பக்கத்தில் நின்றார். துறையூர் கிளையின் கவுண்டர் ஊழியர் ஸ்பீக்கர் போனில் இருந்தார். செயலி நின்றாலும் நோயாளிகள் தவிக்காமலிருக்க, அவர் மேசையில் காகித டோக்கன்கள் தயாராக இருந்தன.

மூன்றாவது நிமிடத்தில் ஐதராபாத் பொறுப்பேற்றது. திரையில் சர்வர்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஆறாயிற்று. ஆறு பத்தாயிற்று. திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை வருடம் தேர்தல் முடிவுகளைப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். அப்போதும் இப்படி இருந்ததில்லை.

எண் பத்திலேயே நின்றது. காத்திருப்போர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வட்டம் சுத்திக்கிட்டே இருக்குங்க" என்றது போன். "சீட்டைக் கிழிச்சுக் குடுக்கவா?"

"குடுங்கக்கா. போனை மட்டும் வச்சிடாதீங்க" என்றார் பொறியாளர். திரைகளை மாற்றி மாற்றித் திறந்தவர் ஓர் இடத்தில் நின்றார். பத்துக்கு மேல் போகக்கூடாது என்று தொகுப்புக்கு ஓர் உச்சவரம்பு. இரண்டு வருடத்துக்கு முன் வைத்தது. பக்கத்தில் அவர் பெயர்.

"மத்தியான ஒத்திகையில அஞ்சே போதும்னு இருந்துச்சு. தாராளமா பத்து வச்சேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பத்தை அழித்து முப்பது என்று அடித்தார். ஒன்பதாவது நிமிடம். புதிய சர்வர் கண் விழிக்க நான்கு நிமிடம் ஆகும்.

அந்த நான்கு நிமிடமும் உரிமையாளரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பதின்மூன்றாவது நிமிடம் எண் பதினான்கானது, பதினெட்டானது, இருபத்திரண்டானது. அதுவரை ஏறிக்கொண்டிருந்த கோடு மடங்கிக் கீழே சரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"வந்துருச்சுங்க. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு, மடமடன்னு வருது" என்றது துறையூர். "இந்தச் சீட்டையெல்லாம் என்ன பண்றது?"

"அடுத்த தடவைக்கு வச்சுக்கங்கக்கா."

கடிகாரத்தில் பதினான்கு நிமிடமும் சில நொடிகளும்.

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "அறிக்கையில எழுதுங்க. பத்துன்னு வச்சது நான்தான். கையால மாத்தினதும் நான்தான்." எழுதினேன். குழுமத்தின் கணினிப் பிரிவுத் தலைவர் அங்கேயே நின்று படித்தார். "இது இல்லாம அறிக்கை வந்திருந்தா பெங்களூருக்கு போன் போட்டிருப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். "அடுத்தது எப்ப?"

யாரும் பதில் சொல்வதற்குள் உரிமையாளர் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் தேடினார்.

"திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம். காலை டோக்கனுக்கு அப்போதானே கூட்டம்?" என்றார். "எட்டு மணின்னு போட்டுக்கோம்மா."

பொறியாளர் அப்போதுதான் சிரித்தார்.