ஆற்றுத் தீவுக்கு அப்பா வந்த நாள்

நாலைந்து வருடம் இருக்கும், ஒரு ஜனவரி மாதம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சென்னை ஓ.எம்.ஆரில் வேலை. வார நாட்களில் மேடவாக்கத்தில் ஒரு தோழியுடன் அறை, சனி ஞாயிறு படப்பையில் எங்கள் வீடு. அப்பா அங்கே பெயின்ட்டும் பைப்பும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதுவரை திருப்பதியைத் தாண்டி அவர் போனதில்லை. கடையை ஒரு நாள் மூடுவதென்றாலே அவருக்கு மனசு வராது.

பிரம்மபுத்திரா ஆற்றுக்கு நடுவே மாஜுலி என்று ஒரு தீவு இருப்பதைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்வர வேண்டும் என்று ஆசை. வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் கேட்கவே இல்லை. பெங்களூரில் இரண்டு வாரம் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு, தாம்பரத்தில் அசாம் ரயில் ஏறிவிட்டேன். ஒடிசாவைத் தாண்டும்போது அம்மாவிடம் போனில், பெங்களூரில் நல்ல குளிர் என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

தீவுக்குப் போகும் படகில் போட்டோ எடுக்கிறேன் என்று கையை நீட்டியவள், போனை ஆற்றில் போட்டுவிட்டேன். முதலில் பதறினேன். கரையேறி, மூங்கில் கால்களின் மேல் நிற்கும் ஒரு வீட்டில் வாடகைக்கு இடம் பிடித்து, அந்த வீட்டு அக்கா கொடுத்த சோற்றையும் ஆற்று மீன் குழம்பையும் சாப்பிட்டு முடித்தபோது பதற்றமெல்லாம் போய்விட்டது. அக்காவிடம் போன் இருந்தது. எங்கள் வீட்டு நம்பரும் எனக்கு மனப்பாடம். ஆனால் அக்காவின் அசாம் நம்பரிலிருந்து கூப்பிட்டால் பொய் வெளியே வந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த 'நாளை' நான்கு நாள் ஆனது.

அந்த நான்கு நாளும் நான் அவ்வளவு லேசாக இருந்தேன். வாடகை சைக்கிளில் கடுகுப் பூ மஞ்சளாய்ப் பூத்த வயல்களுக்கு நடுவே மண் பாதையில் போவேன். எங்கேயாவது கரையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டேன். அங்கே யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. என்னைத் தேடி யாரும் கூப்பிட முடியாது என்பதே ஒரு சுகமாக இருந்தது.

ஐந்தாம் நாள் பத்து மணி இருக்கும். வீட்டு ஏணிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் படகுத்துறையில் டீக்கடை வைத்திருப்பவர். பின்னால், எங்கள் கடை பெயர் போட்ட பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா.

வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி, "அம்மாவுக்கு இன்னாச்சுப்பா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. ஒனக்கு இன்னா ஆச்சுன்னு பாக்கத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்ததில் பாதி சட்டையில்தான் கொட்டியது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இரண்டு நாள் என் போன் கிடைக்காமல் போனதும் ஆபீசுக்குப் போயிருக்கிறார். நான் லீவு என்றிருக்கிறார்கள். மேடவாக்கம் அறைக்குப் போய் நிற்க, தோழி அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு முதன்முதலாக விமானம் ஏறியிருக்கிறார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. படகுத்துறையில் தன் போனில் இருந்த என் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். அது அத்தை மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக எடுத்தது. புழுதி படிந்த பேன்ட்டில் சுற்றிய பெண்தான் அது என்று யாருக்குத் தெரியும்? அந்த டீக்கடைக்காரர் மட்டும் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, கடையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்து, அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கும் இடங்களாகத் தேடியிருக்கிறார். நான் தங்கியிருந்தது நான்காவது வீடாம். அப்பா கைகூப்பியபோது அவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கெடச்சிட்டா. நல்லாத்தான் கீறா," என்று மட்டும் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் அம்மாவின் அழுகை மட்டும்தான் கேட்டது. 'பெங்களூரில் நல்ல குளிர்' என்று சொன்ன என் குரல் எனக்கே காதில் கேட்டது.

அடுத்த படகில் கிளம்புவோம் என்று பையைக் கட்டி வைத்தேன். அப்பா பையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். உடம்பு அசதியாக இருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மாற்றுத் துணி எதுவும் கொண்டுவரவில்லை. அக்காவின் கணவர் கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, தோளில் அவர்கள் ஊர் சிவப்புக்கரைத் துண்டோடு அவரும் ஒரு சைக்கிள் எடுத்தார். நான் பின்னால் மிதிக்க, அவர் முன்னால் போனார். வாத்துக் கூட்டம் பாதையைக் கடக்கும்போது இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். அந்த வீட்டுக்காரரும் அவரும் ஆளுக்கொரு பாஷையில் மணிக்கணக்காகப் பேசினார்கள். மூன்று நாளில் கடையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும் படகில் நானே ஆரம்பித்தேன். பொய் சொன்னது தப்புதான் என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னத வுடு. நான் வேணான்னுதான் சொல்லுவேன்னு நீயே முடிவு பண்ணிக்கினு பூட்ட பாரு, அதான்மா. ஒரு வார்த்த கேட்டுப் பாத்திருக்கலாம்ல?"

கேட்டிருந்தால் விட்டிருப்பாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அம்மா ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்பாவோ கடைக்கு வருகிற ஆளையெல்லாம் பிடித்து, ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊரைப் பற்றி, தான் ஏதோ வேலையாகப் போய்வந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் தேடி வந்த கதையை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் வலி, சைக்கிளெல்லாம் முடியாது. எனக்கும் கல்யாணமாகி, பழக வேண்டிய மனுஷர்கள் கூடிவிட்டார்கள். எதையாவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று யாரைப் பற்றியாவது மனசுக்குள் நிச்சயமாகத் தோன்றும்போது, அந்த ஆளிடமே போய் முதலில் கேட்டுவிடுகிறேன்.