விசிலடிக்கக் கூடாத வானம்

ஊரில் இருப்பவர்களே, கனடாவில் குளிருக்குத்தான் பயப்பட வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். விசிலடித்தால் பல் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி இறக்குகிறவன். அன்று மனைவிக்கு விசா கிடைத்த செய்தி வந்திருந்தது. மார்கழியில் மொன்றியல் நாலரைக்கே இருட்டிவிடும். வடக்கிலிருந்து வந்த விமானத்தின் அடியில் நின்று என்னையறியாமல் விசிலடித்தேன். போருக்குப் பிறகு நான் அடித்த முதல் விசில் அது. கூட வேலை செய்யும் யோனா, வடகோடிப் பனிவெளியிலிருந்து வந்த இனுயிட்காரன், பாய்ந்து வந்து வாயில் குத்தினான். விழுந்த என் மேல் ஏறியிருந்து மறுபடியும் குத்தினான். கறுப்பன் ஒருவன் சந்தோஷமாக இருப்பது இவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். நானும் அவன் மூக்கை உடைத்தேன். என் முன்பல் பனியில் கிடந்தது.

"அவன்தானே முதல்ல அடிச்சவன்? உடன எழுதிக் குடு. நாளைக்கே வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்," என்று புகார்ப் படிவத்தை நீட்டினார் எங்களோடு வேலை செய்யும் குமார் அண்ணை.

"பேந்து எழுதுறன் அண்ணை."

ஓய்வறையில் யோனா மூக்கைத் துணியால் அழுத்தியபடி பக்கத்தில் வந்து அமர்ந்தான். ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்கள் வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும். அது செத்தவர்கள் பந்து விளையாடுவது. கீழே யாராவது விசிலடித்தால் இறங்கி வந்து தலையைக் கொய்துகொண்டு போவார்கள். பந்துக்கு."

அவன் அண்ணன் விசிலடித்தானாம். மறுநாள் தலையில்லாமல் கிடந்தானாம். கரடி என்றதாம் பொலிஸ்.

"இங்கே அந்த வெளிச்சம் இல்லையே?"

"வானம் ஒன்றுதானே," என்றான்.

சிரிக்க நினைத்தேன். முடியவில்லை. வன்னியில் போரின் கடைசி நாட்களில் ஒருநாள் கஞ்சி வாங்கி வந்து, பங்கர்க் குழிக்கு வெளியே நின்று, வழக்கம்போல் விசிலடித்துத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் தலையை நீட்டினான். ஷெல் விழுந்தது. உடலை அங்கேயே புதைத்தோம். தலையைத் தேட நேரம் கிடைக்கவில்லை. ஷெல் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். விசிலைப் பற்றி மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

"உனக்கென்ன விசரா?" என்றார் குமார் அண்ணை.

"ஓம் அண்ணை."

போன கிழமை மனைவி வந்து இறங்கினாள். காதலித்த நாட்களில் வேலிக்கு அப்பால் நின்று நான் விசிலடித்தால்தான் வெளியே வருவாள். இப்போது கூட்டத்தில் என்னைக் காணாமல் மற்றப் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். உதடு தானாகக் குவிந்தது. கூரைக்கு மேலே இருப்பது எந்த நாட்டு வானம் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளியபடி அவளிடம் ஓடினேன்.